வளையத்துக்குள் கண்

அத்தியாயம் 4

எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய்தான் ஓடும். கால் அப்புறம்தான். திங்கட்கிழமை காலை மேலப்பாளையத்தில், தஸ்லிமா மைனியின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு நான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

"ஏலே யாசர், உன் கதையெல்லாம் பொறவு. அந்தப் பிள்ள சொன்னத மைனிகிட்ட அப்பிடியே சொல்லு. ஒரு வார்த்த கூட்டக் கூடாது," என்றார் சித்ரலேகா அக்கா.

அக்கா துப்பறிகிறவர். நான் உதவியாளன். பைக் ஓட்டுவது, டீ வாங்குவது, பயப்படுவது மூன்றும் என் இலாகா. தஸ்லிமா மைனி என் அண்ணன் மனைவி. லென்ஸ் வெட்டி ஃப்ரேமில் பொருத்துவதில் அவரை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் இல்லை.

சொன்னேன். சீவலப்பேரியில் பார்வதியம்மாள் என்று ஓய்வுபெற்ற டீச்சர். அவர் வீட்டை யாரோ போலிக் கையெழுத்துப் போட்டு விற்கப் பார்த்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்து வெள்ளிக்கிழமை புகார் கொடுக்கப் போவதாக இருந்தார். வியாழக்கிழமை உச்சி வெயிலில் பின்வாசல் வழியாக ஒருவன் வந்தான். முகத்தில் துண்டு, கையில் இரும்புக் கம்பி. டீச்சரின் மண்டையில் ஒரே அடி. அவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்து பத்தே நாள் ஆன சுகிர்தா உள்ளே நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பினான். அதற்குள் வயலில் நடவு ஆட்கள் சத்தம் கேட்கவே ஓடிவிட்டான். டீச்சருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. பார்த்த ஒரே சாட்சி சுகிர்தா. நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் யாரோ அவளைப் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பி கையில் சிக்கியதால்தான் அந்தப் பிள்ளை இன்று உயிரோடு இருக்கிறாள்.

"அவன் மூஞ்சி?" என்றார் மைனி.

"கண்ணு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. 'கண்ணாடி போட்டிருந்தான், ஆனா கூலிங்கிளாஸ் இல்லண்ணே. கண்ணச் சுத்தி கருப்பா ஒரு வளையம். நடுவுல வெளுப்பு. அதுக்குள்ள கண்ணு. சின்னக் கண்ணு, எங்கயோ தூரத்துல இருந்து பாக்க மாதிரி.' இதச் சொன்னதும் ஸ்டேஷன்ல சிரிச்சிருக்காங்க. பேயடிச்சிருக்கும், மந்திரிச்சுக் கயிறு கட்டுன்னு அனுப்பிட்டாங்க. எனக்கென்னவோ பேய்தான் மைனி. பேய்க்கும் வயசானா பவர் ஏறும்லா?"

மைனி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு துபாய்க்காரர், வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், கையில் கண்ணாடியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, வெயில்ல கருக்கும்னு சொல்லித் தந்த! நேத்து கன்னியாகுமரி வர கார் ஓட்டினேன். கருக்கவே இல்ல. கண்ணு கூசிச் செத்தேன்."

"கார் கண்ணாடி தடுத்துரும் காக்கா. இத கருக்க வைக்கிறது வெளிச்சம் இல்ல, வெயில்ல இருக்க வேற ஒரு கதிரு. கார்க்குள்ள அது வராது. இறங்கி ஒரு நிமிஷம் நின்னு பாருங்க," என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார் மைனி. எங்கள் தெருவில் காக்கா என்றால் அண்ணன்.

துபாய்க்காரர் தெருவில் போய் நின்றார். கண்ணாடி கருத்தது. கோபம் தீராமலே போனார். வாரத்துக்கு நாலு பேர் இதே சண்டைக்கு வருகிறார்களாம்.

மைனி ஒரு தட்டில் மூன்று லென்ஸ் கொண்டு வந்தார். எல்லாமே வெயிலில் நிறம் மாறுகிற ரகம், எல்லாமே மைனஸ் ஒன்பது பவர். தூரப்பார்வை மோசமானவர்கள் போடுகிற சோடாபுட்டி. "மைனஸ் பவர் போட்டா கண்ணு சின்னதாத் தெரியும். தூரத்துல இருக்க மாதிரி. அந்தப் பிள்ள பேயப் பாக்கல. சோடாபுட்டியப் பாத்திருக்கு," என்றார். பேயென்றால் ஓதி விரட்டலாம். பவர் கண்ணாடி போட்டவன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பான்.

தட்டை வாசல்படி வெயிலில் வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

முதலாவது ஃபைபர், அதாவது சாதாரண பிளாஸ்டிக். மெல்லக் கருத்தது, முழுக்க ஒரே மாதிரி. இரண்டாவது பாலிகார்பனேட். அதுவும் அப்படியே. மூன்றாவது அசல் கிளாஸ். அதன் ஓரம் முதலில் புகை பிடித்தது. பிறகு கரிந்தது. நடுவில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுப்பாகவே நின்றது.

வளையம்.

அந்தத் தட்டிலிருந்து யாரோ என்னையே பார்ப்பது போலிருந்தது. எழுந்துகொண்டேன்.

"ஏன் மைனி இது மட்டும்?"

"ஃபைபரும் பாலியும் கலர மேலாக்க பூசுதது. சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி, எல்லா இடத்துலயும் ஒரே கனம். கிளாஸ்ல உருக்கும்போதே மருந்தக் கலந்துருவாங்க. எங்க கனமோ அங்க கருப்பு ஜாஸ்தி. பால் ஊத்தாத கட்டன்சாயா டம்ளர்ல கருப்பா இருக்கும், சாசர்ல ஊத்துனா வெளுக்கும்லா? மைனஸ் லென்ஸ் நடுவுல மெலிசு, ஓரத்துல தடி. அதான்."

"இந்தக் காலத்துல யாரு கிளாஸ் கேக்கா?" என்றார் அக்கா.

"யாரும் கேக்க மாட்டாங்க. கனம், மூக்கு இத்துப் போகும். கீழ விழுந்தா தூளு." பாலிகார்பனேட்டை எடுத்துத் தரையில் ஓங்கி எறிந்தார். துள்ளிக் குதித்து என் செருப்பில் வந்து நின்றது. கிளாஸையும் எறிந்து பார்க்கலாமே என்று கை நீட்டினேன். புறங்கையில் ஒரு அடி விழுந்தது. "ஆனா ஒரு ரக ஆளுக்கு கிளாஸ்தான் சரி. கண்ணாடியக் கழுவாம வேட்டி முனையால வறட்டுத் துடை துடைக்கிற ஆளு. அதுலயும் திருநீறு உதிர்ந்த கண்ணாடின்னா கேக்கவே வேண்டாம். சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்குத மாதிரிதான். ஃபைபர் ஆறு மாசத்துல கோடு கோடாப் போயிரும். கிளாஸ் அசையாது. அப்பிடி ஆளு தேடித் தேடி அதத்தான் வாங்குவான்."

"நெத்தியில திருநீறு, இடுப்புல வேட்டி. திருநவேலி ஜில்லாவுல பாதிப் பேரக் கைது பண்ணணும்," என்றேன்.

தெருவில் ஹார்ன் கேட்டது. எங்களை இந்த வேலைக்கு அமர்த்திய கோமதிசங்கர் அண்ணாச்சி. பார்வதியம்மாளின் அக்கா மகன். "எங்க சித்திய இப்பிடி ஆக்கினவன விடக் கூடாது மேடம்," என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதவர். மாடிப்படி விஷயம் கேட்டதும் சுகிர்தாவைப் பாபநாசத்தில் தன் பெரியம்மா வீட்டில் ஒளித்து வைக்கலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. காரின் பின்சீட்டில் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. நாலு நாளாகத் தூங்காத கண்.

அக்கா முன்சீட்டில் ஏறினார். நான் பின்னால்.

கார் பத்தமடை தாண்டும் வரை நான் வழியில் தென்பட்ட சோடாபுட்டிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். பஸ் கண்டக்டர் ஒருவர். உரக்கடை வாசலில் ஒருவர். சைக்கிளில் தபால்காரர். ஒவ்வொருவரும் என்னை முறைத்த மாதிரியே இருந்தது. எங்கள் அண்ணாச்சியும் சோடாபுட்டிதான். ஆனால் இந்த ஆளைக் கொல்லும் வெயிலில், முன்கண்ணாடி வழியாக முகத்தில் வெயில் அடிக்க, அவர் லென்ஸ் பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. அடித்துவிட்டேன், பட்டியலிலிருந்து.

சேரன்மகாதேவியில் ஒரு பைக் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஹெல்மெட் போட்டவன். நாங்கள் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாக. சுகிர்தா சீட் உறையைப் பிய்த்துவிடுவாள் போலிருந்தது.

"அண்ணே, அவன்தானா?"

"ஹெல்மெட்டுக்குள்ள என்னத்தத் தெரியுது. நீ குனிஞ்சுக்கோ," என்றேன். நானும் குனிந்துகொண்டேன். இருவரில் யார் கீழே என்று போட்டி.

வீரவநல்லூரில் அவன் ஒரு பரோட்டாக் கடை முன் இறங்கிப் போய்விட்டான். பசிக்காரன்.

அண்ணாச்சி சிரித்தார். "வளையமாம் வளையம்! போலீஸ்ல சொன்னாங்க. நானும் சிரிச்சேன். ஏ பிள்ள, அப்பிடி ஒரு கண்ணாடி உலகத்துல கிடையாது. பயத்துல கண்டது கடியது தெரியும். எல்லாத்தையும் மறந்துரு."

"மறக்க முடியல சார். கண்ண மூடினா அதுதான் வருது," என்றாள் சுகிர்தா. "டீச்சரம்மாவ ஒவ்வொரு படியா கையப் பிடிச்சுத்தான் இறக்குவேன். அன்னைக்கி என்னால அவங்க பக்கத்துல போக முடியல. கால் அசையல சார்."

கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலம் ஏறினோம். அக்கரையில் கோயில் கோபுரம் தெரிந்ததும் அண்ணாச்சி ஒற்றைக் கையால் டேஷ்போர்டைத் திறந்தார். சின்ன வெள்ளிச் சம்புடம். மூன்று விரலால் அள்ளி நெற்றியில் இழுத்தார். பொடி உதிர்ந்து கண்ணாடியில் விழுந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மடியிலிருந்து வேட்டி முனையை எடுத்தார். வறட்டுத் துடை. கர்ர், கர்ர் என்று சத்தம்.

கார் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கியது. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பாலம் தெரியவில்லை. மாட்டிக்கொண்டதும் நேரானது.

லென்ஸில் ஒரு கோடுகூட இல்லை.

இல்லை, இல்லை, இவர் லென்ஸ் வெயிலில் கருக்கவே இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே அந்தத் துபாய்க்காரர் என் மண்டைக்குள் வந்து நின்று கத்தினார். கார் ஓட்டினேன், கருக்கவே இல்ல!

யா அல்லாஹ். நான்கு நாளாக இந்த மனிதரை எங்கே பார்த்தோம்? ஆஸ்பத்திரி வராந்தாவில். அக்காவின் அலுவலகத்தில். காருக்குள். ஒரு தடவைகூட வெயிலில் பார்த்ததில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் தினமும் நின்றவரும் இவரே.

அக்காவுக்கு செல்லில் தட்டினேன்: "எக்கா, அவர்தான்."

முன்சீட்டில் அக்கா தலையைத் திருப்பாமல் செல்லைப் பார்த்தார். பதில் வந்தது: "நானும் பாத்தேன். மூச்சுக் காட்டாத. வண்டி அவன் கையில."

ஒருபுறம் கால்வாய், ஒருபுறம் வயல். ஒரு திருப்பு திருப்பினால் நான்கு பேரும் தண்ணீருக்குள். எனக்கு நீச்சல் தெரியாது, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது செய்தி வந்தது: "திருநீறு பூசினா குத்தமில்ல. வளையம் வேணும். இறங்கினதும் ஒரு நிமிஷம் வெயில்ல நிறுத்தணும். போலீஸுக்குச் சொல்லிட்டேன்."

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?" என்றார் அண்ணாச்சி, உள்கண்ணாடியில் என்னைப் பார்த்து. சின்னக் கண். எங்கேயோ தூரத்திலிருந்து.

"கார்ல வந்தா எனக்கு வாந்தி வரும் அண்ணாச்சி," என்றேன். பொய்யில்லை, வரும்போலத்தான் இருந்தது.

பாபநாசம் வந்தபோது மணி பன்னிரண்டேகால். கோயிலுக்கு முன்னால் ஆற்றங்கரையோரம் காரை நிறுத்தினார். மலையிலிருந்து குளிர்ந்த காற்று. தலைக்கு மேல் வெயில். அணையில் தண்ணீர் திறந்திருந்ததால் படித்துறையின் கடைசிப் படிகளில் வெள்ளம் மோதிக்கொண்டிருந்தது. குளிக்க வந்தவர்களை அன்று இறங்க விடவில்லை போல, ஒரு ஆளைக் காணோம்.

"மேடம், நீங்களும் தம்பியும் இங்கன டீ குடிங்க. பெரியம்மாவுக்கு வேத்தாளு ஆகாது. படித்துறை ஓரமா குறுக்கு வழி இருக்கு. பிள்ளய விட்டுட்டு வெரசா வந்துருதேன்," என்று காரை விட்டு இறங்கினார். நாங்களும் இறங்கினோம்.

"அதுக்கென்ன அண்ணாச்சி," என்றார் அக்கா. "பெரியம்மா விலாசம் மட்டும் சொல்லுங்க, குறிச்சுக்கிடுதேன்."

சொன்னார். அக்காவின் பேனா எழுதவில்லை. உதறினார். நோட்டைப் புரட்டினார். கதவு எண் என்ன என்று திரும்பக் கேட்டார். அண்ணாச்சி வெயிலில் நின்றுகொண்டு திரும்பச் சொன்னார். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து. இருபது. லென்ஸ் தெளிவாகவே இருந்தது. முப்பது. ஓரத்தில் லேசாக ஒரு புகை. நாற்பது.

"மேடம், போதும்லா? நேரமாகுது."

"தெரு பேரு?"

ஐம்பது. குளிரில் இந்த ரகம் கூடுதலாகக் கருக்குமாம், மலைக்காற்றுக்கு இன்னும் நன்றாகவே கரிந்தது. கருப்பு வளையம் கண்ணைச் சுற்றி மூடிக்கொண்டு, நடுவில் ஒரு ரூபாய் அகல வெளுப்பில், அந்தச் சின்னக் கண்.

சுகிர்தா பார்த்துவிட்டாள்.

அலறுவாள் என்று நினைத்தேன். சத்தமே வரவில்லை. உதடு வெளுத்து, அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் பார்க்கிற விதம் புரிந்துவிட்டது.

அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "வா பிள்ள." இழுத்த இழுப்பில் அவள் நான்கு படி கீழே போய்விட்டாள். அக்கா "விடுவே அவள!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார். செருப்பு வழுக்கி முதல் படியிலேயே விழுந்தார். நான்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கால் அசையவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாசி படிந்த படி. இன்னும் ஐந்து படியில் வெள்ளம். தள்ளிவிட்டு, "பிள்ள கால் வழுக்கிட்டு," என்று சொன்னால் முடிந்தது.

சுகிர்தாவுக்கு இன்னொரு கை சும்மா இருந்தது. அதை நீட்டி, அவர் முகத்திலிருந்து அந்தக் கண்ணாடியைப் பிடுங்கினாள். கல்லில் ஓங்கி அடித்தாள்.

பாலிகார்பனேட்டாக இருந்திருந்தால் துள்ளியிருக்கும். கிளாஸ் சிதறியது.

கோமதிசங்கர் நின்றுவிட்டார். கை தானாக விட்டது. சுகிர்தா இரண்டு படி மேலே ஏறி விலகிக்கொண்டாள். அவருக்கு முன்னால் படியும் தண்ணீரும் ஒன்றாகக் கலங்கிப் போயிருக்க வேண்டும். ஒரு காலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். பிறகு அப்படியே குந்தி, இரண்டு கையாலும் கல்லைத் தடவினார்.

"ஏ பிள்ள, தெரியல... தண்ணி எந்தப் பக்கம்?"

மேலே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா முட்டியில் ரத்தத்தோடு எழுந்து, தன் கைக்குட்டையில் சில்லுகளைப் பொறுக்கினார். இறங்கி வந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் விரித்துக் காட்டினார். ஓரத்துச் சில்லெல்லாம் கருப்பு. நடுச் சில்லு வெளுப்பு.

"சாட்சி சொன்ன வளையம் சார். கண்ணாடிக் கடைக்காரங்க வந்து விளக்குவாங்க." பிறகு கீழே பார்த்துச் சொன்னார்: "சித்தி வீட்டுக்குப் போலிக் கையெழுத்து, சந்தேகம் வராம இருக்க எங்களையே வேலைக்கு வச்சது, எல்லாத்தையும் யோசிச்சிய அண்ணாச்சி. இத மட்டும் விட்டுட்டிய. நீங்க நிலைக்கண்ணாடியில முகம் பாக்கது எல்லாம் வீட்டுக்குள்ள. அங்கன வளையம் வராது. வெயில்ல உங்க மூஞ்சி எப்பிடி இருக்கும்னு ஊருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது."

அவர் தண்ணீர்ச் சத்தம் வந்த திசையில் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். "யாராச்சும் கையப் பிடிங்களேன்," என்றார் கடைசியில். கெஞ்சல்.

போலீஸ்காரர் இருவர் இறங்கத் தயங்கினார்கள். பாசி அப்படி. அதற்குள் சுகிர்தா இரண்டு படி இறங்கிவிட்டாள். நான் தடுக்க வாயைத் திறந்தேன். வாயும் அன்று வேலை செய்யவில்லை.

சற்று முன் தன்னை இழுத்த அதே கையை அவள் மணிக்கட்டில் பிடித்தாள். டீச்சரம்மாவை ஒவ்வொரு படியாக இறக்குகிற பிடி அது.

"படி இருக்கு சார்," என்றாள். "பைய. பாத்துக் கால வைங்க."

ஒவ்வொரு படியாக மேலே கூட்டி வந்து, சப்-இன்ஸ்பெக்டரிடம் கையைக் கொடுத்தாள்.